தும்மல் சாட்சி ஆகாது

அத்தியாயம் ஏழு

பட்டன் தொழிற்சாலையின் இரண்டாவது மாடி. சுவரில் ஏழு கேடயங்கள் தொங்கும் அறையில் ஐம்பத்து மூன்று வயதுப் பெரிய மனிதர் ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஏழு கேடயமும் தெளிந்த சிந்தனைக்காக அவருக்குக் கொடுத்தவை. இந்த நிமிஷம் அவர் முகத்தில் தெளிவைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன.

“என் ஆலோசகரைக் காணோம். ரெண்டு நாளாச்சு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள அவர் எனக்கு வேணும்” என்றார்.

தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் தராசு. எந்த விஷயமானாலும் இரண்டு யோசனைகள் இரண்டு ஃபைல்களாக அவர் மேஜைக்கு வரும். மறுநாள் காலையில் ஒன்று ஏற்கப்பட்டு, மற்றது நிராகரிக்கப்பட்டு, கூடவே பதினொரு காரணங்கள் வரிசை எண்ணோடு டைப் அடிக்கப்பட்டு வெளியே போகும். சட்டைப் பட்டனுக்கு இரண்டு ஓட்டையா நான்கா என்பதிலிருந்து வாசல் கேட்டை எந்தப் பக்கம் திறப்பது என்பது வரைக்கும் ஒன்பது வருஷமாக இதுதான் நடைமுறை. ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

இன்றைக்கு வந்திருப்பது ஓட்டை விவகாரம் இல்லை. கட்டடத்தின் குத்தகை முடிகிறது, தொழிற்சாலை இடம் மாறியாக வேண்டும். நீல ஃபைலில் துறைமுகத்தை ஒட்டிப் புத்தம் புதுக் கட்டடம், இங்கிருந்து ஆறு மணி நேரப் பயணம். மஞ்சள் ஃபைலில் அடுத்த தெருவில் பூட்டிக் கிடக்கும் பழைய அச்சகம். நாலு மணிக்கு முதலாளியம்மா முன்னால் போய் நின்று இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டால் நூற்று நாற்பது குடும்பத்துக்குப் பிழைப்பு போய்விடும். இதைச் சொல்லும்போது தராசின் குரல் உடைந்தது. நீல ஃபைல் மேஜை மேல் கிடந்தது, அதன் மேல் ஒரு டீ டம்ளர். மஞ்சள் ஃபைல் அவர் கக்கத்தில் இருந்தது.

அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் துப்பறியும் நிபுணர் லாஜிக். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, அவராகச் சம்பாதித்தது. காலையில் எந்தச் சட்டை போடுவது என்பதைக்கூடப் பதினான்கு கேள்வி கேட்டு, மார்க் போட்டு, கூட்டிப் பார்த்துத்தான் போடுவார். அதனால் தினமும் தாமதமாகத்தான் கிளம்புவார். பக்கத்தில் நின்றவன் அவருடைய மனைவியின் தம்பி. உதவியாளன். ஊரே அவனை மச்சினன் என்றுதான் கூப்பிடும். பத்தொன்பது பேருக்குப் பரீட்சை வைத்து அவனைத் தேர்ந்தெடுத்ததாக லாஜிக் சொல்லிக்கொண்டு திரிவார். ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. மச்சினனும் நம்பவில்லை, அக்காவின் சிபாரிசுதான் என்று அவன் எப்போதோ முடிவு கட்டிவிட்டான்.

அறைக்குள் நுழைந்ததிலிருந்து மச்சினனுக்கு மூக்கு ஊறிக்கொண்டே இருந்தது. இப்போது வெடித்தது. கேடயங்கள் ஆடுகிற அளவுக்கு ஒரு தும்மல்.

லாஜிக் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆலோசகரின் அடையாளம் என்ன என்று தராசைக் கேட்டார். தராசு நெளிந்தார். அதிகம் கேட்க வேண்டாம், வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்றார். ரொம்ப அமைதியானவர், பேசவே மாட்டார், ஒன்பது வருஷமாக இந்த அறையிலேயே இருக்கிறார் என்பதற்கு மேல் வாயைத் திறக்க மறுத்துவிட்டார்.

வேறு யாராயிருந்தாலும் எரிச்சல் வந்திருக்கும். லாஜிக்குக்கோ குஷி பிறந்தது. கண்ணால் பார்த்த சாட்சி இல்லாத வழக்குதான் அவருக்கு உயிர். எழுந்து அறையை ஒரு சுற்று வந்தார். மேஜைக்கு அடியில் ஒரு சின்னத் தட்டு, அதில் காய்ந்துபோன பால். சோபாவின் கைப்பிடி நார் நாராகக் கிழிந்திருந்தது. அலமாரியின் உச்சியில் ஒரு மெத்தை, நடுவில் குழி விழுந்து கிடந்தது.

“கேட்டுக்கோ மாப்ள” என்று ஆரம்பித்தார். “பால் மட்டும் குடிக்கிறாரு, அப்ப வயித்துப் புண். சோபாவைக் கிழிக்கிறாரு, அப்ப கோபக்காரர். மெத்தை சின்னது, அப்ப ஆள் குள்ளம். உசரத்துல ஏறிப் படுக்கிறாரு, அது கப்பல்ல அடுக்குப் படுக்கையில தூங்கின பழக்கம். ஆக, ஓய்வு பெற்ற மாலுமி. மாலுமின்னா துறைமுகம். துறைமுகம்னா நீல ஃபைல். அந்தக் கட்டடத்துக்காரங்கதான் ஆளைத் தூக்கியிருக்காங்க.”

தராசு வாயைப் பிளந்தார். மச்சினன் இரண்டாவது தும்மலைப் போட்டான்.

“அத்தான், எனக்கு இந்த மாதிரி தும்மல் வந்தா அதுக்கு ஒரே அர்த்தம்தான்.”

“தும்மல் சாட்சி ஆகாது” என்று லாஜிக் நோட்டை எடுத்து அவன் பெயருக்கு எதிரே இரண்டு மார்க் குறைத்தார்.

சுவரோரம் இரண்டு அலமாரிகள் இருந்தன. ஒன்றில் ஏற்கப்பட்ட ஃபைல்கள், மற்றதில் நிராகரிக்கப்பட்டவை. மாலுமியின் கையெழுத்து எதிலாவது இருக்கும், தேடு என்று உத்தரவு. மச்சினன் முதலில் நிராகரிக்கப்பட்ட அலமாரியைத் திறந்தான். மூக்கு நிம்மதியாக இருந்தது. ஏற்கப்பட்ட அலமாரியைத் திறந்தான். வரிசையாக ஆறு தும்மல். மூடினான், நின்றது. திறந்தான், ஆரம்பித்தது.

படிப்பில் சுமார்தான் என்றாலும் மச்சினன் முட்டாள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு அலமாரியிலிருந்தும் கலந்து பத்து ஃபைல்களை ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டும்படி தராசிடம் சொன்னான். தும்மல் வந்தால் ‘ஏற்கப்பட்டது’ என்றான், வராவிட்டால் ‘நிராகரிக்கப்பட்டது’ என்றான். பத்துக்குப் பத்து. கண்ணைத் திறந்து, கடைசி ஃபைலின் அட்டையில் ஒட்டியிருந்த மெல்லிய சாம்பல் நிற முடியை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

“சார், உங்க ஆலோசகருக்கு வால் உண்டா?”

தராசு கிழிந்த சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்புறம் எல்லாம் கொட்டியது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு ஃபைல்களை வைத்துக்கொண்டு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாராம். எதற்கும் எதிர்வாதம் இருந்தது, எதிர்வாதத்துக்கும் பதில் இருந்தது. யோசிக்க யோசிக்க முடிவு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அப்போது ஜன்னல் வழியாக ஒரு பூனை வந்து ஒரு ஃபைலின் மேல் உட்கார்ந்தது. வேறு வழியில்லாமல் அதையே ஏற்று, பதினொரு காரணங்களைப் பிறகு யோசித்து எழுதினார். அமோகமாகப் பலித்தது. அன்றிலிருந்து பூனை உட்காரும், இவர் காரணம் எழுதுவார். கேடயம் வரும்.

“ஏழு கேடயமும் அதுக்குச் சேர வேண்டியது” என்று கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அழும்போதும் மஞ்சள் ஃபைல் கக்கத்தை விட்டு நகரவில்லை.

லாஜிக் நோட்டை மூடினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“குள்ளம்னு சொன்னேன், சரி. பால் குடிப்பார்னு சொன்னேன், சரி. உசரத்துல படுப்பார்னு சொன்னேன், அதுவும் சரி. மாலுமி மட்டும்தான் தப்பு. நாலுக்கு மூணு.”

“கோபத்தை விட்டுட்டீங்க அத்தான். அஞ்சுக்கு நாலு” என்றான் மச்சினன். அத்தானைப் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது.

மணி இரண்டு ஆகிவிட்டது. இனி வழக்கு மூக்கின் கையில். மச்சினன் முன்னால் நடக்க, பின்னால் லாஜிக், அவருக்குப் பின்னால் தராசு. முதல் தும்மல் டைப்பிஸ்ட் அம்மாவின் அறை வாசலில் வந்தது, ஆனால் பலவீனமாக. ஆலோசகரைப் பார்த்தீர்களா என்று தராசு சுற்றி வளைத்து விசாரித்தார். அந்த அம்மா டைப் அடிப்பதை நிறுத்தாமலே, பூனையா என்று திருப்பிக் கேட்டார். தராசுக்கு முகத்தில் ரத்தம் இல்லை.

“ஊருக்கே தெரியும் சார். அதுக்குத் தினம் பால் யாரு வெக்கிறாங்கன்னு நெனச்சீங்க? தானா ஊறுதுன்னா?”

ஒன்பது வருஷத்து ரகசியம் அதோடு முடிந்தது. தராசு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்து பாலிஷ் கூடம். வரிசையாகப் பெரிய உருளைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் பட்டன்கள் உருண்டு உருண்டு மெருகேறும் சத்தம் காதைப் பிளந்தது. மூன்றாவது உருளைக்காரர் தராசைக் கண்டதும் ஓடி வந்தார். எங்கே போகிறோம் என்று முடிவாகிவிட்டதா என்று கேட்டார். மனைவிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை, அம்மாவை நகர்த்தவே முடியாது, துறைமுகம் என்றால் தான் வர முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார். பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பிப் போய் உருளையை நிறுத்தினார். பட்டன் பதமாகிவிட்டதாம், சத்தம் மாறியதாம். மச்சினனுக்கு ஒரு மாற்றமும் கேட்கவில்லை. தராசு அந்த ஆளை நிமிர்ந்து பார்க்காமலே நடந்தார்.

உருளைகளுக்கு அந்தப் பக்கம் பட்டன் காய வைக்கும் அறை. கதவைத் தொட்டதுமே மச்சினனுக்குத் தும்மல் சரமாக வந்தது. கண்ணில் நீர் கொட்ட, சூடான பெட்டி ஒன்றின் மேல் இருந்த தட்டைக் கையால் காட்டினான். அதில் கோட்டுக்குத் தைக்கும் பெரிய பட்டன்கள் பரப்பியிருந்தன. பட்டன்களின் நடுவில், ஒரு காது மடிந்த சாம்பல் நிறப் பூனை நான்கு காலையும் நீட்டி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் தூக்கவில்லை, கடத்தவில்லை, பேரம் பேசவில்லை. அதன் முகத்தில் கவலை என்பதே இல்லை.

தராசு ஓடிப் போய் ஆலோசகரை வாரி எடுத்தார். வயிற்று முடியில் சிக்கியிருந்த பட்டன்கள் மாடிப்படி முழுக்க ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அத்தனையையும் பொறுக்கும் வேலை மச்சினன் தலையில் விழுந்தது.

மூன்று பத்துக்கு அறைக்குத் திரும்பினார்கள். தராசு டீ டம்ளரை எடுத்துவிட்டு நீல ஃபைலையும், கக்கத்திலிருந்து மஞ்சள் ஃபைலையும் அடுத்தடுத்து மேஜையில் வைத்தார். நடுவில் பூனையை இறக்கினார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மச்சினன் மூக்கையும் சேர்த்துப் பிடித்திருந்தான்.

பூனை நீல ஃபைலை முகர்ந்தது. மஞ்சளை முகர்ந்தது. மேஜை விளக்கின் அடியில் போய் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தது. பிறகு கீழே குதித்து, வந்த வழியே வெளியே நடந்தது. பிடித்து வந்து வைத்தார்கள், மறுபடி நடந்தது. மூன்றாவது தடவை தராசின் கையில் நகம் போட்டுவிட்டு நடந்தது.

“ரெண்டையும் நிராகரிச்சுட்டாரு” என்றார் தராசு. மஞ்சள் ஃபைலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். “நூத்தி நாப்பது பேருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

மச்சினனுக்கு அந்த மனிதரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. தன் மூக்கு செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது, இதற்கு மேல் அதற்கு வழி தெரியாது. அத்தானைத் திரும்பிப் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்த இந்த மூன்று மாதத்தில் முதல்முறையாக, அத்தான் பேசாமல் நின்றிருந்தார். பூனை அண்ணாந்து பார்த்த இடத்தையே பார்த்தார். மெதுவாக வந்து மேஜை விளக்கின் பல்பைத் தொட்டார். எரிந்துகொண்டிருந்த பல்பை, வெறும் கையால்.

“சுடலையே” என்றார்.

எலெக்ட்ரீஷியனுக்கு ஆள் போனது. வந்தவர், பழைய குண்டு பல்புகளை எடுத்துவிட்டுச் சூடு வராத புதுப் பல்பு போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்றார். ஒவ்வொரு மாடியாக மாற்றிக்கொண்டு வந்தாராம், இந்த அறைக்கு முந்தாநாள்தான் வந்தாராம். லாஜிக் ஏற்கப்பட்ட அலமாரியில் பல்பு ஃபைலைத் தேடி எடுத்து மச்சினன் மூக்கருகே நீட்டினார். அறை அதிர்ந்தது. குண்டு பல்பை ஒழிக்கும் திட்டத்தின் மேல் ஆலோசகரே நன்றாகப் புரண்டு படுத்து ஒப்புதல் கொடுத்திருந்தார். தன் வீட்டுக்குத் தானே அடுப்பை அணைத்துக்கொண்டவர்.

“அப்ப அதுக்கு ஃபைல் முக்கியம் இல்லை” என்றான் மச்சினன். “சூடுதான்.”

“இரு மாப்ள. விளக்குக்கு அடியிலதான் சூடு. அப்ப விளக்குக்கு அடியில எந்த ஃபைல் இருக்கும்?” லாஜிக் தராசின் பக்கம் திரும்பினார். “சார், படிச்சு முடிச்சுட்டு, போதும்னு தோணுற ஃபைலை எங்க வெப்பீங்க?”

தராசு யோசிக்காமல் இடது ஓரத்தைக் காட்டினார். டம்ளர் வைத்த வட்டங்கள் அங்கே ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன.

“இன்னொரு தடவை எடுத்துப் பாக்கணும்னு தோணுறதை?”

தராசின் கை விளக்கின் அடிக்குப் போய் அப்படியே நின்றது.

“ஒன்பது வருஷமா பூனை முடிவெடுக்கலை சார்” என்றார் லாஜிக். “நீங்க மனசுக்குள்ள எடுத்ததை வெளிச்சத்துல வெச்சீங்க. அது குளிருக்கு அதுமேல படுத்துச்சு.”

 மச்சினன், அறைக்குள் வந்ததிலிருந்து தன் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததை விரலால் காட்டினான்.

“மத்தியானத்துலேந்து பாக்குறேன் சார். என் மூக்குக்கிட்ட ஃபைலை நீட்டினீங்க, அழுதீங்க, பூனையைத் தூக்கினீங்க. மேஜையில வெச்ச நேரம் தவிர அந்த மஞ்சளைக் கையை விட்டு விடவே இல்லை.”

தராசு குனிந்து தன் மார்பைப் பார்த்தார். யாரோ கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போனது போல அந்த ஃபைலைப் பார்த்தார். ஆனால் அவர் தராசு ஆயிற்றே, உடனே ஒப்புக்கொள்வாரா. மார்க் பட்டியலில் நீலத்துக்கு எண்பத்திரண்டு, மஞ்சளுக்கு ஐம்பத்தேழுதான் என்றார். மனசுக்குப் பிடித்தது என்பதற்காக நூற்று நாற்பது பேரை வைத்து விளையாட முடியுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். லாஜிக்கும் அதை மதித்தார். பிடித்ததை அப்படியே சொல்ல வேண்டாம், ஏன் திரும்பத் திரும்ப அதையே எடுத்தீர்கள் என்று மட்டும் தேடுங்கள், அதற்கு மூளை போதும் என்றார்.

ஃபைலைத் திறந்தார்கள். அதில் ஒரு பக்கம் மட்டும் ஓரம் அழுக்கேறி நைந்திருந்தது, பதினோராம் பக்கம். அதில் உருளைக்காரர்கள் நாற்பது பேரின் பட்டியல். தராசே நேரில் போய் விசாரித்து எழுதியது. துறைமுகத்துக்கு வர முடியும் என்றவர்கள் ஏழு பேர். முடியாது என்றவர்கள் முப்பத்து மூன்று. தராசு தன் மார்க் பட்டியலைப் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். கூரைக்கு மார்க் இருந்தது, சாலைக்கு இருந்தது, மின்சாரத்துக்கு, தண்ணீருக்கு, வாகனம் நிறுத்தும் இடத்துக்குக்கூட இருந்தது. ஆட்களுக்கு ஒரு வரிசையே இல்லை.

மூன்று ஐம்பத்தெட்டு. தராசு முகத்தைக் கழுவிக்கொண்டு, பதினொரு காரணங்கள் இல்லாமல், மஞ்சள் ஃபைலோடு முதலாளியம்மாவின் அறைக்குள் போனார். கதவைச் சாத்த மறந்துவிட்டார். மச்சினன், லாஜிக், டைப்பிஸ்ட் அம்மா மூன்று பேரும் வெளியே நின்று ஒட்டுக் கேட்டார்கள், அதில் லாஜிக்தான் முன்னால் நின்றார்.

அச்சகத்துக்கே போகலாம் என்று தராசு சொன்னார். முதலாளியம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, எண்பத்திரண்டை விட்டு ஐம்பத்தேழுக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டார்.

“எண்பத்திரண்டும் கட்டடத்துக்குப் போட்ட மார்க்கும்மா. கட்டடம் பட்டன் பண்ணாது. சத்தத்தை வெச்சே பதம் சொல்றவங்க முப்பத்து மூணு பேர் இங்கயே நின்னுடுவாங்க. அங்க போய் நாம வெறும் உருளையைத்தான் சுத்திக்கிட்டு இருக்கணும்.”

முதலாளியம்மா பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றியவர் அப்படியே நிறுத்தினார்.

“பூனை என்ன சொல்லுது?”

வெளியே மூவருக்கும் மூச்சு நின்றது. உள்ளேயும் நின்றிருக்க வேண்டும், அவ்வளவு நேரம் சத்தமே இல்லை.

“பூனைக்கு இதுல அபிப்பிராயம் இல்லைம்மா” என்றார் தராசு. “இது நான் சொல்றது.”

“அப்ப சரி” என்று முதலாளியம்மா கையெழுத்துப் போட்டார்.

கீழே பாலிஷ் கூடத்துக்குச் செய்தி போக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. உருளைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒன்பது வருஷத்தில் அந்தக் கட்டடம் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை என்று டைப்பிஸ்ட் அம்மா சொன்னார், சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கீழே கூச்சல் கிளம்பியது. மூன்றாவது உருளைக்காரர் மாடிக்கு ஓடி வந்து, தராசின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வாசலில் எலெக்ட்ரீஷியன் ஒரு பழைய குண்டு பல்போடு நின்றார். ஆலோசனைக்கு இல்லை, குளிருக்கு என்று தராசு விளக்கம் சொன்னார்.

திரும்பும் வழியில் லாஜிக் வண்டியை ஓட்ட, மச்சினன் பின்னால் உட்கார்ந்திருந்தான். பேண்ட் முழுக்கப் பூனை முடி. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை அவன் இன்றைக்குக் கேட்டான்.

“அத்தான், அந்தப் பரீட்சை நெஜமாவே நடந்துச்சா? எனக்கு எத்தனையாவது இடம்?”

“நடந்துச்சு. பத்தொன்பது பேர்ல நீ பத்தொன்பதாவது.”

“தெரியும். அக்கா சொல்லித்தானே எடுத்தீங்க?”

“உங்க அக்கா வேண்டவே வேண்டாம்னா. ரெண்டு நாள் என்கூடப் பேசலை.”

சிக்னலில் வண்டி நின்றது. லாஜிக் முன்னால் எரியும் சிவப்பு விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பதினெட்டுப் பேரோட பேப்பரையும் கட்டி உள்ள வெச்சுட்டேன். படுக்கப் போறப்ப பாத்தா உன் பேப்பர் மட்டும் என் கையிலயே இருந்துச்சு. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.”

 பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“என்ன மாப்ள, மறுபடியும் பூனை முடியா?”

“ஆமாம் அத்தான்” என்றான் மச்சினன். லாஜிக் அதை அப்படியே நம்பி வண்டியைக் கிளப்பினார்.